அண்ணன் வண்டிக்கு நான் போட்ட இரண்டாவது எர்த்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட முதல் வாரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம், லாரிகள் திரும்பித் திரும்பிக் குழியாக்கிய ரோட்டை ஒட்டிய தெருவில்தான் எங்கள் வீடு.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது, கைநாட்டுதான். அம்மா பஸ்ஸின் நிறத்தை வைத்துத்தான் ஏறுவாள். அண்ணன் எட்டாவதோடு நின்றுவிட்டான். நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ, முதல் வகுப்பு. இங்கேயே ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. அந்தப் பிரிவில் பெண் நான் ஒருத்திதான். இதையெல்லாம் நான் யாரிடமும் அடக்கமாகச் சொல்வதில்லை. ஏன் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

தெருவில் யார் வீட்டில் மின்விசிறி நின்றாலும், மோட்டார் தண்ணீர் ஏற்றாமல் முனகினாலும், "பாப்பாவ கூப்புடு" என்பார்கள். இருபத்து நான்கு வயதிலும் நான் தெருவுக்கே பாப்பா. டெஸ்டரை பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு நடக்கும்போது எனக்குத் தரையில் கால் படாது.

அப்புறம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது.

அண்ணி பழவேற்காடு பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். பத்தாவதில் கணக்கில் தவறியவள். கவரைப்பேட்டைக்கு அருகில், பைக்குகளுக்கு உள்ளே ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. என்னைவிட நான்கு மாதம் சின்னவள். ஆனாலும் நான்தான் அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டும். அவளோ அண்ணன் கூப்பிடுவதைப் பார்த்து என்னைப் பாப்பா என்பாள். எரிச்சல் அதிலேயே தொடங்கிவிட்டது.

வந்த இரண்டாம் மாதம் மிக்ஸி நின்றுபோனது. நான் வேலை முடிந்து வருவதற்குள் அவளே பிரித்து, அறுந்த வயரைச் சேர்த்து, சட்னியும் அரைத்துவிட்டாள். "நம்ம ஊட்ல இப்ப ரெண்டு கரண்டு ஆளு" என்று அம்மா சிரித்தாள். நான் சட்னிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். மூன்று வருடம் முதல் பஸ் பிடித்துப் போய்ப் படித்த படிப்பும், பத்தாவது பெயிலும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டதே என்று வயிறு எரிந்தது.

இப்போது அண்ணனின் பைக்குக்கு வருகிறேன். அவனுக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில், கன்டெய்னர் அடுக்கும் இடத்தில் வேலை. விடிவதற்கு முன் கிளம்பினால்தான் காலை ஷிப்டைப் பிடிக்க முடியும். மீஞ்சூர் தாண்டினால் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரிதான். அதற்குப் பயந்து வண்டியில் ஒவ்வொன்றாக மாட்டினான். முன்னால் இரண்டு ஃபாக் லைட், பெரிய ஹார்ன், பின்னால் மின்னி மின்னி எரியும் சிவப்பு விளக்கு, போனுக்குச் சார்ஜர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரோட்டோரக் கடையில் மாட்டியது. ஒவ்வொரு கடைக்காரரும் கையில் கிடைத்த வயரை முறுக்கி, டேப் சுற்றி, சீட்டுக்கு அடியில் திணித்து அனுப்பிவிட்டார்கள். சீட்டைத் தூக்கினால் அடைத்துக்கொண்ட சாக்கடையில் கை விட்டதுபோல் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் அண்ணியிடம் சொன்னான்.

"தோ பாரு, லெப்ட்டு இண்டிகேட்டர் போட்டா ஆரன் அடிக்குது. ரோட்ல போறவன்லாம் திரும்பித் திட்றான். ஞாயித்துக்கெழம இந்த ஒயருங்கள எல்லாம் அவுத்து ஒயுங்கா கட்டிக் குடு."

நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "நான் பாக்கறேனே" என்றேன்.

"நீ பெரிய பெரிய மோட்டாரு பாக்கறவ பாப்பா. இது சில்ற வேல. அவளே பாக்கட்டும்."

அவன் என்னை உயர்த்தித்தான் சொன்னான், இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது 'அவளே' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. வாசலில் வண்டியை நிறுத்தி, சீட்டையும் பக்கத்து மூடிகளையும் கழற்றி, பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தாள் அண்ணி. நான் துணி காயப்போடுகிற சாக்கில் அங்கேயே சுற்றினேன். எங்கேயாவது தப்புச் செய்வாள், சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

அவள் அவசரப்படவே இல்லை. பழைய டேப்பையெல்லாம் உரித்தாள். முறுக்கிய இணைப்புகளை வெட்டிப் போட்டாள். ஃபாக் லைட்டின் வயர் எது, ஹார்னின் வயர் எது என்று பிரித்துத் தரையில் நேர்கோடாக வைத்தாள். ஒவ்வொன்றையும் அளந்து, வெட்டி, நுனியில் சின்னப் பித்தளை பின் வைத்து அழுத்தி, சாக்கெட்டில் 'டக்' என்று செருகினாள். செருகியதும் இரண்டு விரலால் பிடித்து ஒரு இழுப்பு. வரவில்லை என்றால் வெள்ளை மார்க்கரால் அதன் மேல் ஒரு புள்ளி.

"இன்னாடி இது, ஒயருக்குப் பொட்டு வெச்சிக்கினு இருக்க? கண்ணு படப் போவுதா?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க கம்பெனில அப்டிதான் அத்தே. இஸ்துப் பாத்துட்டாதான் புள்ளி வெக்கணும். புள்ளி வெச்சிட்டா அது என் பொறுப்பு."

பத்தரை மணிக்குள் அந்தச் சாக்கடை ஒரு பின்னலாக மாறியிருந்தது. கறுப்பு உறைக்குள் வயர்கள் ஒன்றாக ஓடி, வண்டியின் இரும்புச் சட்டத்தின் வளைவோடு வளைந்து, தேவையான இடத்தில் மட்டும் பிரிந்து போயின. இண்டிகேட்டர் போட்டால் இண்டிகேட்டர் மட்டும் எரிந்தது. எதிர்வீட்டு அக்கா, "இன்னாம்மா, ஷோரூம்ல இருந்து வந்த வண்டி மாரி கீது" என்றார். தெருவே ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கடைசியில் அப்பா வந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்பு ஆலையில் சுமை தூக்கிக் காய்த்துப்போன கை அவருக்கு. அந்தக் கையால் வயர்க் கட்டை முன்னாலிருந்து பின்னால்வரை மெதுவாகத் தடவினார். "நல்லாக்குதும்மா" என்றார். அவ்வளவுதான்.

எனக்குள் ஏதோ அறுந்தது. நான் டிப்ளமோ சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டிய அன்று அப்பா அதை வாங்கினார், இரண்டு பக்கமும் திருப்பினார், சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அதில் எங்கே தடவிப் பார்ப்பது? இவள் ஒரு காலைப்பொழுதில் செய்ததை அவரால் கையால் படிக்க முடிந்தது. இதைவிடப் பெரிய பொறாமையை நான் அதற்கு முன்பும் பின்பும் பட்டதில்லை.

சார்ஜர் ஒன்று மட்டும் பாக்கி. அதற்கான பின் தீர்ந்துவிட்டது. "சும்மா முறுக்கி டேப்பு சுத்த மாட்டேன். நாளைக்கு பின்னு வாங்கியாந்து போட்டுடறேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, வயர் நுனிகளைத் தனித்தனியாக மூடிக் கட்டி வைத்தாள். பிறகு குளிக்கப் போனாள். அண்ணன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நண்பனோடு வெளியே போனான். வாசலில் வண்டியும் நானும்.

யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு சின்ன வேலையை முடிக்கத் தெரியாமல் விட்டுப் போயிருக்கிறாள், நான் முடித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போது, போகிறபோக்கில் "சார்ஜர் நான்தான் போட்டேன்" என்று சொல்வதாகத் திட்டம்.

சார்ஜரின் சிவப்பு வயரை அவள் வைத்திருந்த சிவப்போடு சேர்த்தேன். அடுத்தது கறுப்பு. டேங்குக்கு அடியில் வண்டியின் சொந்தக் கறுப்பு வயர் ஒன்று, எதிலும் சேராமல் மூடியோடு தொங்கியது. எங்கள் தொழிற்சாலைப் பேனலில் பேட்டரி லைன் என்றால் கறுப்புதான் மைனஸ். அதனால் இதுவும் மைனஸ்தான் என்று முடிவு செய்து, முறுக்கி, டேப் சுற்றினேன். அதோடு விட்டிருந்தால்கூடச் சார்ஜர் வேலை செய்யாமல் போயிருக்கும், அவ்வளவே. ஆனால் நான் படித்தவள். எங்கள் வேலையில் எந்த மோட்டாராக இருந்தாலும் அதன் உடம்புக்கு கசியும் கரண்டைத் தரைக்கு இறக்க இரண்டு எர்த் கொடுப்போம். ஒன்று விட்டுப்போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பது கணக்கு. 'பாவம், இவளுக்கு இரட்டை எர்த் எங்கே தெரியப்போகிறது' என்று நினைத்துக்கொண்டே, அதே கறுப்பிலிருந்து இன்னொரு துண்டு வயர் எடுத்து, சட்டத்திலிருந்த ஒரு போல்டுக்கு அடியில் வைத்து முடுக்கினேன். சாவி இல்லாததால் போட்டுப் பார்க்கவில்லை. சாயங்காலம் மழை கொட்டி, கரண்டும் போய், பேச்சு எங்கெங்கோ போனதில் சொல்லவும் வாய்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, நான் வேலைக்குத் தயாராகும்போது, அண்ணனிடமிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. மீஞ்சூர் தாண்டி, தூறலில், இன்னும் வெளுக்காத நேரத்தில், ஒரு குழியில் வண்டி ஏறி இறங்கியதும் எல்லாம் செத்துவிட்டது. இன்ஜின், ஹெட்லைட், பின்னால் மின்னும் விளக்கு, ஹார்ன், ஒன்றும் இல்லை. பின்னால் கன்டெய்னர் லாரி. இருட்டில் விளக்கில்லாத வண்டியை லாரிக்காரர் கடைசி நொடியில்தான் பார்த்திருக்கிறார். அண்ணன் மண் பக்கமாக ஒடித்து, மழைத் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் விழுந்தான். லாரியின் பின்சக்கரம் ஒரு முழத்தில் போனதாம். அதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அம்மா போனைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியை அங்கே ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, முழங்கை தேய்ந்து, கணுக்கால் வீங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தான். அம்மாவின் கோபம் முழுக்க அண்ணி மேல் திரும்பியது.

"ஒயரு கட்ற கம்பெனில வேல செஞ்சா நீ மெக்கானிக்கா ஆயிடுவியா? ஒரு புள்ளதான்டி எனக்கு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்கறதுதான?"

"வுடும்மா, பேஜாரு பண்ணாத" என்று அண்ணன் தடுத்தான்.  அண்ணி தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். போல்டை முடுக்கிய இடம் அப்போதே கண் முன்னால் வந்தது. ஆனால் உறுதியாகத் தெரியாதே, அவள் போட்டதில் ஏதாவது இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அம்மா அவளைத் திட்டியபோது, அண்ணன் பிழைத்து வந்த அந்தக் காலையிலேயே, எனக்குள் ஒரு மூலை குளிர்ந்தது. அதைச் சுமந்துகொண்டு வேலைக்கும் போனேன். ஒரு மோட்டாருக்கு எர்த் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு நான் திரும்பும்போது வண்டியைக் குட்டி யானை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கியிருந்தார்கள். அண்ணி அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அம்மாவே, கொஞ்சம் தணிந்த குரலில், என்னிடம் சொன்னாள்.

அண்ணி சீட்டைக் கழற்றினாள். அப்பா பக்கத்தில் நின்றார். அண்ணன் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பேட்டரியை ஒட்டிய மெயின் பியூஸ் கருகியிருந்தது. அவள் தன் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள். வெள்ளைப் புள்ளி, இழுப்பு. அடுத்த புள்ளி, இழுப்பு. ஒன்றும் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அப்புறம் கை டேங்குக்கு அடியில் போனது. நின்றது.

என் டேப் சுற்றிய முடிச்சை அவள் பார்த்தாள். புள்ளி இல்லை. அதிலிருந்து போல்டுக்குப் போகும் துண்டு வயரைப் பார்த்தாள். போல்டைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து, பளபளவென்று இரும்பு தெரிந்தது. முதலில் பெயின்ட் தடுத்திருக்கிறது. வழியெல்லாம் வண்டி குலுங்கிக் குலுங்கிப் பெயின்ட் தேய்ந்து, வயர் இரும்பைத் தொட்டிருக்கிறது. அவள் தலையைத் தூக்கினாள். நேராக என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று அப்பா கேட்டார்.

அவள் என்னையே பார்த்தபடி, "பாக்கறேன் மாமா" என்றாள்.

கத்தியிருக்கலாம். வயரைப் பிய்த்து எல்லோர் முன்னாலும் என் முகத்தில் எறிந்திருக்கலாம். செய்யவில்லை. எனக்கு நேரம் கொடுத்தாள். அந்த நொடியில் எனக்கு வந்தது நன்றியும் அல்ல, வெட்கமும் அல்ல. மறுபடியும் பொறாமைதான் வந்தது. வேலையில்தான் முந்தினாள் என்றால், பெருந்தன்மையிலுமா? அதையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்ற வீம்பில்தான் வாயைத் திறந்தேன்.

"அது நான் போட்டது. நேத்து அவ குளிக்கப் போன நேரத்துல."

 முதலில் அம்மாதான் அண்ணியைப் பார்த்தாள். "நீ எதுக்குடி காலைல இருந்து வாய மூடிக்கினு திட்டு வாங்கன?"

"என்னுதா இருக்குமோன்னு நானே நெனச்சிக்கினு இருந்தேன் அத்தே" என்றாள் அண்ணி. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

அண்ணன் சிரிக்க முயன்றான். "ரெண்டு பேரும் சேந்து என்ன மேல அனுப்பப் பாத்தீங்களா?" யாரும் சிரிக்கவில்லை. "ஏன் பாப்பா சொல்லாம செஞ்ச?" என்று கேட்டான்.

நான் இரட்டை எர்த் பற்றி ஏதோ விளக்க ஆரம்பித்தேன். கறுப்பு மைனஸ் என்று நினைத்ததைச் சொன்னேன். அண்ணி குறுக்கிட்டாள். "இந்த வண்டில பச்சதான் மைனஸு, பாடிக்குப் போறது. கறுப்பு, சாவி போட்டா வர்ற கரண்டு. அத பாடில சேத்தா பியூஸ் போவாம இன்னா பண்ணும்? ஒரு நாளைக்கு எத்தினி கறுப்ப கட்றேன் நான். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல பாப்பா? படிச்சவங்க எங்களாண்ட கேக்கக் கூடாதா?"

 அப்பா அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் அத்த தடவிப் பாத்து நல்லாக்குதுன்னேன் இல்ல, அதுக்கா?"

எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா என்னை இப்படி ஒரே வரியில் படித்துவிடுவார் என்று நான் நினைக்கவே இல்லை. தலையை ஆட்டினேன். அழுகை வந்தது.

"நீ படிச்சது இன்னான்னு எங்களுக்குப் பாக்கத் தெரியல பாப்பா. அதுக்கு நாங்க இன்னா பண்றது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அண்ணி என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், பின் வாங்கிவந்து சார்ஜரைத் திரும்பப் போடும்போது, "டார்ச்ச புடி" என்றாள். பிடித்தேன். "அங்க இல்ல, இங்க." நகர்த்தினேன். என் துண்டு வயரை வெட்டி எடுத்தாள், சார்ஜரின் கறுப்பைப் பச்சையில் சேர்த்தாள், இழுத்துப் பார்த்தாள். கறுப்பில் சாவி போட்டால் மட்டும் ஏன் கரண்டு வருகிறது என்று, அவள் கேட்காமலேயே, நான் காலண்டர் தாளின் பின்னால் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் புரியல" என்று சொல்லி, உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இப்போதும் அவள் பல்லால் டேப்பைக் கடித்து வெட்டும் லாகவத்தைப் பார்த்தால் எனக்குள் சுருக்கென்று குத்தும். தெருவில் சிலர் இப்போது பாப்பாவை விட்டுவிட்டு "அண்ணிய கூப்புடு" என்கிறார்கள். அன்றைக்கெல்லாம் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்குவதில்லை. ஆனால் அந்தக் குத்தல் வரும்போதெல்லாம் மீஞ்சூர் ரோட்டில் ஒரு முழம் தள்ளி உருண்டுபோன, நான் கண்ணால் பார்க்காத அந்த லாரிச் சக்கரமும் கூடவே வருகிறது, வந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, என்னைவிட நான்கு மாதம் சின்னவளிடம் போய், "அண்ணி, இது எப்படி?" என்று கேட்டுவிடுகிறேன்.